ஆறப்போட்ட சொல்

வியாழன், மதியம்

என் மேல் கோபமாக இருக்கும் தம்பிக்கு, அந்தக் கோபத்துக்கு உரியவளான அக்கா எழுதிக்கொள்வது.

போனை நீ எடுப்பதில்லை. பதினொரு மாதமாக எடுக்கவில்லை. கப்பலில் சிக்னல் கிடைக்காது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்குத் துறைமுகம் கிடைக்கும் என்பது அம்மாவுக்கும் தெரியும், அவள் கேட்பதில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் கையில் எடுத்துத்தானே கிழிக்க வேண்டும்? எடுத்தால் இரண்டு வரியாவது கண்ணில் படும்.

விஷயம் அம்மாவைப் பற்றியது. செவ்வாய்க்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. நீ வர வேண்டும். எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்த வரி எழுத வரவில்லை. ஆபீஸில் கூட்டம் பாதியில் நின்றுவிட்டது. நின்றதற்கு நான்தான் காரணம். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள், நான் மேஜையை விட்டு எழுந்து ஜன்னல் வரைக்கும் போய் வருகிறேன், உட்காருகிறேன், மறுபடி எழுந்துகொள்கிறேன். முதலில் இந்தக் கதையைக் கொட்டிவிடுகிறேன். கொஞ்சம் அடங்கிய பிறகு அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்க்கிற இந்த ஆபீஸை நீ ஒருமுறை வந்து பார்த்திருக்கிறாய். நாலு மேஜை, சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி, சுவர் முழுக்கச் செருப்புப் பெட்டிகள். பெட்டிக்குள் இருப்பது அட்டைகள். ஒரு கிரேக்கச் சொல்லுக்கு ஓர் அட்டை. அந்தச் சொல் எங்கெங்கே வருகிறது, ஒவ்வோர் இடத்திலும் நாங்கள் என்ன தமிழ் போட்டிருக்கிறோம் என்று அதில் எழுதி வைப்பேன். இருபத்திரண்டு வருடமாக எழுதுவது என் கைதான். ‘அக்கா கடவுளுக்கே கிளார்க்’ என்று நீ அன்று கிண்டல் செய்தாய். அண்ணன் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் உடனே ஏற்க மாட்டார்கள். அட்டையில் பென்சிலால் எழுதி, மூன்று நாள் ஆறப்போட வேண்டும். மூன்று நாள் கழித்து எடுத்துப் பார்த்து, காரம் தூக்கலாக இருந்தால் குறைத்து, அதன் பிறகுதான் பேனா. எங்கள் குழுத் தலைவர் கொண்டுவந்த வழக்கம் இது. ‘ஆறினாத்தாங்க எல்லாரும் வாயில வைக்க முடியும்’ என்பார். அது எத்தனையோ தடவை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஆறிய சொல் எதுவானாலும் கொஞ்சம் மெலிந்துதான் வெளியே வரும். இந்த வழக்கம் என் எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று உன்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

இன்றைக்கு எடுத்த அட்டை ஒரு வினைச்சொல். ‘எம்ப்ரிமாவோமாய்’ என்று படிக்க வேண்டும். முதல்முறை படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நண்பனைப் புதைத்து நான்கு நாள் கழித்து இயேசு வந்து சேருகிறாரே, அந்த அதிகாரத்தில் இரண்டு தடவை வருகிறது. அழுகிறவர்களைப் பார்த்ததும் ஒரு தடவை, கல்லறைக்கு வந்ததும் ஒரு தடவை. இத்தனை வருடம் அதற்கு ‘கலங்கினார்’ என்றுதான் படித்து வந்திருக்கிறோம். கிரேக்க வாத்தியார் இன்று அதில் கை வைத்தார்.

அவரை நீ பார்த்திருக்கிறாய், காதில் மெஷின் மாட்டியிருப்பாரே, அவர்தான். கிரேக்கம் தவிர எதையும் ஒருமுறை சொன்னால் காதில் வாங்க மாட்டார். ‘கலங்கினார்னு சொல்றதுக்கு அதே வரியில பக்கத்துலயே வேற சொல்லு இருக்கு. அது வந்துட்டுப் போகட்டும். இது கலக்கம் இல்ல, இது கோவம்’ என்றார். புதிய ஏற்பாட்டில் மொத்தம் ஐந்தே இடத்தில்தான் இந்தச் சொல் இருக்கிறதாம். தொழுநோய் நீங்கினவனை அதட்டி அனுப்பும்போது ஒன்று. பார்வை கிடைத்த இரண்டு பேரை, வெளியே சொல்லக் கூடாது என்று கண்டிக்கும்போது ஒன்று. விலை உயர்ந்த தைலத்தை ஒரு பெண் கொட்டிவிட்டாள் என்று சுற்றியிருந்தவர்கள் அவள் மேல் எரிந்து விழும்போது ஒன்று. பாக்கி இரண்டும் கல்லறைப் பக்கம். முதல் மூன்றில் கோபம் என்றும் அதட்டல் என்றும் போட்டுவிட்டு, கல்லறைக்கு வந்ததும் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘கலங்கினார்’ என்று எழுதுகிறோமே, இது எந்த ஊர் நியாயம் என்று அவர் கேட்டார்.

எங்கள் தமிழ் நடையைத் திருத்துகிறவரை நான் அரைப்புள்ளி என்றுதான் உனக்கு எழுதுவது வழக்கம். மனிதர் சோற்றைக்கூட அரைப்புள்ளி வைத்துத்தான் சாப்பிடுவார். அவர் பென்சிலைக் கீழே வைத்து, ‘ஆண்டவர் கல்லறை வாசல்ல நின்னு சீறினார்னு போடச் சொல்றீங்களா? அவர் என்ன பாம்பா?’ என்றார். தலைவர் சிரித்துவிட்டார். வாத்தியார் சிரிக்கவில்லை. பழைய கிரேக்க நாடகம் ஒன்றில் கடிவாளம் பூட்டிய குதிரைகளுக்கு இந்தச் சொல் வருகிறது என்றார். ‘போகவும் விடாம நிக்கவும் முடியாம இழுத்துப் பிடிச்சா குதிரை மூக்கால ஒண்ணு விடும் பாருங்க. அந்தச் சத்தம்தான் சொல்லு’ என்று சொல்லிவிட்டு, அந்தச் சத்தத்தைச் செய்தும் காட்டினார். காது மெஷின் கூடவே விசிலடித்தது. அரைப்புள்ளி வாயைப் பொத்திக்கொண்டார்.

என்னால் சிரிக்க முடியவில்லை, தம்பி. எழுந்தேன். மடியில் இருந்த பெட்டி கவிழ்ந்து அட்டைகள் தரை முழுக்கச் சிதறிவிட்டன. கூட்டம் நின்றது அதனால்தான். ‘என்னம்மா, உடம்புக்கு முடியலையா’ என்று தலைவர் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தச் சத்தம் உன்னுடையது. அண்ணனைப் புதைத்து நான்கு நாள் கழித்து நீ வந்து, ஈர மண் பக்கத்தில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து மூக்கால் ஒன்று விட்டாயே, அதே சத்தம்.

வெள்ளி, காலை பதினொரு மணி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அட்டைகளை வரிசைப்படுத்தவே சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போனால் அம்மா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, ‘டாக்டர் என்னதான் சொன்னார், மூணு நாளா மென்னு முழுங்குற’ என்றாள். கல்லீரலில் லேசாக வீக்கம் இருக்கிறது, மாத்திரையில் கரைந்துவிடும் என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். நான் போய்த் துவைத்து மடித்த துணியை மறுபடி உதறி மடித்தேன்.

இன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆபீஸ் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பர் வந்திருந்தார். எங்கள் வேலையில் சோதனை வாசிப்பு என்று ஒன்று உண்டு. கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து, எழுதியதைப் படித்துக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். அவர் சொல்வதில் இருந்து நாங்கள் எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துவிடும். கிரேக்க வாத்தியார் பிளம்பரைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார். அந்த ஆள் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர் போல உட்கார்ந்தார்.

முதலில் ‘கலங்கினார்’ போட்ட பக்கத்தை நான் படித்தேன். ‘கூட்டாளி செத்துட்டாப்ல. இவர் வர லேட்டாயிடுச்சு. வந்து அழுதார். பாவம்’ என்றார் பிளம்பர். பிறகு, ‘உள்ளம் குமுறிச் சீறினார்’ என்று பென்சிலால் மாற்றியிருந்த பக்கத்தைப் படித்தேன். அவர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். ‘யார் மேல கோவம் அவருக்கு?’ என்று கேட்டார். அதைத்தான் நாங்கள் உங்களிடம் கேட்கிறோம் என்றார் வாத்தியார். பிளம்பர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘யார் மேலயும் இல்லங்க. எங்கப்பா போன அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன என் பைக்க நான் உதைச்சேன். பைக்கு என்ன பண்ணுச்சு?’ என்றார்.

வாத்தியார் அதை அப்படியே அட்டையின் பின்புறம் எழுதச் சொன்னார். முதல் மூன்று இடத்திலும் யார் மேல் என்று கிரேக்கத்திலேயே ஆள் குறித்திருக்கிறது, கல்லறையில் வரும் இரண்டு இடத்தில் மட்டும் ஆளே இல்லை, ஒன்றில் ‘ஆவியில்’ என்றும் இன்னொன்றில் ‘தமக்குள்’ என்றும் மட்டும்தான் இருக்கிறது, இந்த மனிதர் படிக்காமலே அதைப் பிடித்துவிட்டார் என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அரைப்புள்ளி பைக்குக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார். இண்டிகேட்டர் போய்விட்டதாம்.

நான் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். பிளம்பர் சொன்னது எனக்கு அவ்வளவு இனித்தது. அன்றைக்கு நீ விட்ட மூச்சும் யார் மேலும் இல்லை, சாவின் மேல்தான், பைக்கை உதைத்த மாதிரிதான் என்று எடுத்துக்கொண்டால் எனக்கு எவ்வளவு சுகம். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அது ஏற்கெனவே அந்தச் சுகத்துக்கு உடன்பட்டுவிட்ட முகமாக இருந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. உன் கோபத்துக்கு ஆள் இல்லாமல் இல்லை. மூன்றடி தள்ளி, கைக்குட்டையும் கையுமாக நின்றிருந்தாள்.

நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் தெரியும் என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது எழுதுகிறேன். நுரையீரல் இரண்டும் போய்விட்டது, இரண்டு வாரம் தாண்டாது, வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னது ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கே உன் கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்தேன். அங்கே இருந்த பெண், ‘நிலைமை எப்படின்னு ஒரே வரியில எழுதி அனுப்புங்க மேடம். அதை வச்சுத்தான் அவர அடுத்த துறைமுகத்துல இறக்குறதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க’ என்றாள். ஒரே ஒரு வரி. ஊரில் யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே எழுதி அனுப்பியிருப்பார்கள்.

நான் ஆறப்போட்டேன். திங்கட்கிழமை ‘அண்ணன் பிழைக்க மாட்டார்’ என்று எழுதினேன். நடுக்கடலில் எஞ்சின் அறையில் இருப்பவனுக்கு இப்படியா எழுதுவது என்று அடித்தேன். செவ்வாயன்று ‘நிலைமை மோசம்’. அது முரட்டுத்தனமாக இருந்தது. புதனன்று ‘கவலைக்கிடம்’. பத்திரிகைக்காரன் சொல் என்று அதையும் எடுத்தேன். இப்படி வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுத்து, கடைசியில் அனுப்பிய வரி உன்னிடம் இருக்கிறது: ‘அண்ணனுக்கு உடல்நிலையில் சற்றுப் பின்னடைவு; முடிந்தால் வரவும்.’ கூடவே அரைப்புள்ளியும் வைத்திருந்தேன். நான் அனுப்புவதற்கு முந்தின நாளே உன் கப்பல் துறைமுகத்தை விட்டுவிட்டது. அடுத்த துறைமுகம் பன்னிரண்டு நாள். கம்பெனியில் என் வரியைப் படித்தவர்கள், சற்றுத்தானே, இதற்கு எதற்கு அவசர ஏற்பாடு என்று விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தச் ‘சற்று’ நான் போட்டது.

அண்ணன் கடைசி மூன்று நாளும் உன்னைக் கேட்டான். ‘சின்னவன் கிளம்பிட்டானா’ என்பான். கிளம்பிட்டான், வந்துகொண்டிருக்கிறான் என்பேன். அதுவும் மொழிபெயர்ப்புதான்.

நீ வந்து நின்றபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அம்மா உன்னைப் பார்த்து, ‘சொன்ன உடனே வந்திருந்தா உயிரோட பாத்திருப்ப. உனக்கு எஞ்சின்தான் பெருசாப் போச்சு’ என்றாள். நான் உனக்கு உடனே சொல்லிவிட்டேன் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் உனக்குக் கொடுத்த, என் வரி இருந்த தாள் உன் சட்டைப் பையில் இருந்தது, அதன் ஓரம் எனக்குத் தெரிந்தது. நீ அதை எடுத்து அம்மாவிடம் நீட்டியிருக்கலாம். நீ என்னைப் பார்த்தாய். அந்தச் சத்தத்தை விட்டாய். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டாய்.

பதினொரு மாதமாக அம்மா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் உன்னைத் திட்டுகிறாள். அண்ணன் சாவுக்கு வராதவன் என்கிறாள். நான் பக்கத்தில் இருந்து காய் நறுக்கிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

சனி, ஆஸ்பத்திரி வராந்தா

மருந்து வாங்க டோக்கன் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் எண் அறுபத்தெட்டு, இப்போது முப்பத்தொன்று ஓடுகிறது. எதிரே ஒருவர் நடக்கிறார், திரும்புகிறார், நடக்கிறார். அவரைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. பிறகு பார்த்தால் நானும் அவரோடு சேர்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பேனா அடிக்கப் போனது. ‘உன் கோபத்துக்கு ஆள் இல்லாமல் இல்லை’ என்ற வரியைக் கொஞ்சம் இளக்கலாமா என்று தோன்றியது. என் புத்தி எப்படி வேலை செய்கிறது பார். அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து மூன்று தடவை வாயெடுத்தேன். ஒருமுறை பால்காரர் மணியடித்தார். ஒருமுறை அம்மாவுக்கு இருமல் வந்தது. மூன்றாவது முறை ஒன்றுமே குறுக்கே வரவில்லை, நான்தான் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போனேன். அடுப்பைப் பற்றவைத்திருக்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. அவளுக்கு மிச்சமாக இருக்கிற பிள்ளை நான். இதைச் சொன்னால் நானும் இல்லாமல் போவேன். சொல்லாவிட்டால், நீ வந்தாலும் அவள் உன்னை அந்தப் பழியோடுதான் பார்ப்பாள். அப்படி ஒரு வீட்டுக்கு நீ ஏன் வர வேண்டும்?

நாற்பது ஓடுகிறது. கூப்பிடுகிற பெண் எண்களை விழுங்கி விழுங்கிச் சொல்கிறாள். எழுந்து போய் நிற்கிறேன்.

ஞாயிறு, மத்தியானம்

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வலது கை முடிந்து, இடது கையில் மூன்று விரல் ஆகியிருந்தது. அவள், ‘இந்தக் கையாலதான அவனுக்குச் சோறு ஊட்டுனேன். ஒரு போன் பண்ண மாட்டேங்குறான் பாரு, கல்நெஞ்சுக்காரன்’ என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. நகவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திங்கள் முதல் வெள்ளி வரை எழுதி எழுதி அடித்தது, ‘சற்று’ போட்டது, அந்தத் தாள் உன் சட்டைப் பையில் இருந்தது, நீ காட்டிக்கொடுக்காமல் போனது, எல்லாம். வரிசையாக வரவில்லை, முன்னுக்குப் பின் வந்தது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு மோசமாக எதையும் சொன்னதில்லை.

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, ‘பதினோரு மாசம் அவனைத் திட்டினேனே’ என்றாள். ‘பக்கத்து வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லியிருக்கேனே’ என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமல், ‘அவன் ஏன்டி என்கிட்ட சொல்லல?’ என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. இரண்டு மகன்களையும் ஒரே வாரத்தில் இழந்தவளுக்கு மகளையாவது விட்டுவைப்போம் என்று நினைத்தாயா? அப்படியானால் உன்னைக் கும்பிடுவதா உன்னோடு சண்டை போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மிச்ச நகத்தை வெட்ட அவள் கையைக் கேட்டேன், கொடுக்கவில்லை. எழுந்து போகப் பார்த்தேன், உட்காரச் சொன்னாள். ‘டாக்டர் உன்கிட்ட சொன்னத எனக்கு மொழிபெயர்க்காத. அவர் சொன்ன மாதிரியே சொல்லு’ என்றாள். சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், அழவில்லை. ‘எனக்கே தெரியும். நீ எப்பச் சொல்றன்னு பாத்துட்டு இருந்தேன்’ என்றாள்.

அப்புறம் கேட்டாளே ஒரு கேள்வி. ‘அவனுக்கு எழுதிட்டியா?’ என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். எப்போதிருந்து என்றாள். வியாழக்கிழமையிலிருந்து என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. இந்த நான்கு நாளும் கிரேக்கம், பிளம்பர், டோக்கன் எண் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், எழுத வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை. மறுபடியும் அதையே செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்தேன். செருப்புகூடப் போடாமல் அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு உன் கம்பெனிக்குப் போனிலிருந்து மெயில் அனுப்பினேன். அந்த வரி இது: ‘தாய் இறந்துகொண்டிருக்கிறார். டாக்டர் சொன்ன கெடு ஆறு வாரம். அதில் ஐந்து நாள் போய்விட்டது. மகனை உடனே இறக்கி அனுப்பவும்.’ திருப்பிப் படிக்கவில்லை. எழுத்துப்பிழைகூட இருக்கலாம், இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அந்தப் பெண்ணே ஐந்து நிமிஷத்தில் திருப்பிக் கூப்பிட்டாள். புதன்கிழமை வருகிற துறைமுகத்தில் உன்னை இறக்கிவிடுகிறார்களாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும் என்பதால், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். கப்பலுக்கு அவளே அனுப்பிவைப்பதாகச் சொன்னாள். இந்தப் பக்கம் முடிந்ததும் அனுப்புகிறேன்.

அவர்கள் இறக்கிவிடுவார்கள். இறங்குவதும் இறங்காததும் உன் கையில் இருக்கிறது.

உனக்கும் அம்மாவுக்கும் சொன்ன பிறகு இனி யாரிடம் எதை ஒளிக்கப் போகிறேன்? கட்டி கல்லீரலில் இருக்கிறது, பரவியும் விட்டது. ஆபரேஷன் செய்ய முடியாது. வலிக்கு மட்டும்தான் மருந்து. இப்போது நன்றாகப் பேசுகிறாள், ஆளைத் தெரிகிறது. மூன்றாவது வாரத்துக்கு மேல் இப்படி இருக்க மாட்டாள், பாதி நேரம் தூக்கத்தில் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். ஆகவே ஆறு வாரம் என்று கணக்குப் போட்டு வராதே.

அம்மா உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். ‘மன்னிப்புக் கின்னிப்புன்னு எதையும் எழுதி வைக்காத. அவன் வரட்டும், எனக்கும் அவனுக்கும் உள்ளத நாங்க பாத்துக்குறோம். நீ இடையில வராத’ என்றாள். அவள் சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

என் பங்குக்கு நானும் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. எழுதினால் அதைத் திருத்த ஆரம்பித்துவிடுவேன். நாளைக்குக் கூட்டம் இருக்கிறது, அந்த வினைச்சொல்லுக்கு என்ன தமிழ் வேண்டுமானாலும் அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். நான் போகவில்லை, லீவு சொல்லிவிட்டேன். நீ வந்து, அன்றைக்கு மூக்கோடு நிறுத்திக்கொண்டதை முழுசாக வாய்விட்டுச் சொல். அம்மா முன்னாலேயே சொல், அவள் கேட்கட்டும். நான் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டேன். நான் வீட்டில் இருக்கக் கூடாது என்று நீ நினைத்தால், நீ இருக்கும் வரை வேறு எங்காவது போய் இருக்கிறேன், அதையும் தயங்காமல் சொல்.

கடலும் காற்றும் உன்னைத் தாமதப்படுத்தாமல் இருக்கட்டும். அண்ணனிடம், நீ வந்துகொண்டிருப்பதாக மூன்று நாள் பொய் சொன்னேன். அம்மாவிடம் அப்படிச் சொல்ல என்னால் முடியாது. அவள் கேட்கிறாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வந்துவிடு, ராசா.

அக்கா